ஃபிட்னஸ் சர்டிபிகேட் கையில இருக்கு, ரேஸுக்கு ரெடியா?

1/
நீளமான இழை. டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க. சைக்கிள் ஓட்டாதவங்களும் படிக்கலாம். உங்க வீட்டுலயும் ஒருத்தர் ஞாயித்துக்கிழமை விடியக்காலை நாலரைக்கு அலாரம் வெச்சு, பளபளன்னு ஜெர்சி மாட்டிக்கிட்டு ஈசிஆர் பக்கம் கிளம்புறவரா இருக்கலாம். இன்னைக்கு இல்லாட்டி அடுத்த வருஷம் அவர் கேக்கப் போற கேள்வி இதுதான்: "நான் ரேஸ் ஓட்டலாமா?"

2/
இந்தக் கேள்வி மருத்துவர்கிட்ட கேள்வியா வர்றது ரொம்பக் குறைவு. ஒரு காகிதமாத்தான் வரும். "மேற்கண்ட நபர் போட்டியில் கலந்துகொள்ள முழு உடல்தகுதி உடையவர் எனச் சான்றளிக்கிறேன்." கீழ கையெழுத்துக்கு ஒரு கோடு, சீலுக்கு ஒரு கட்டம். "சும்மா ஃபார்மாலிட்டிதான் டாக்டர், நாளைக்குக் கடைசி தேதி." ரெண்டு நிமிஷ வேலைன்னு நெனச்சு வர்றாங்க. பல இடத்துல அது ரெண்டு நிமிஷ வேலையாத்தான் நடக்குது. பிபி பாத்து, நெஞ்சுல ஸ்டெத் வெச்சு, சீல் குத்தி அனுப்புறது.

3/
அந்தக் காகிதத்து மேல எனக்கு ரொம்ப நாளா கோபம். அது போலியா இருக்குங்கறதுக்காக மட்டும் இல்ல. ஒழுங்கா, முழுசா பரிசோதிச்சுக் கொடுத்தாலும் அது தப்பான கேள்விக்குப் பதில் சொல்லுது. "இவர் உடம்பு தாங்குமா?"ன்னு கேக்குது. ரேஸுல முதல் தடவை நிக்கிறவர்கிட்ட கேக்க வேண்டிய முதல் கேள்வி வேற: "இவருக்குப் பின்னாடி அரை மீட்டர் தள்ளி வர்ற ஆளுக்கு இவரால ஆபத்து வருமா?" இதை எந்த ஈசிஜியும் சொல்லாது.

4/
யாரைப் பத்திப் பேசறேன்னு தெளிவா சொல்லிடறேன். வயசு முப்பத்தஞ்சுல இருந்து ஐம்பது. நாலஞ்சு வருஷமா ஓட்டுறார். வாரத்துக்கு 150, 200 கிலோமீட்டர். தனியா ஓட்டினா மணிக்கு 30, 32 சராசரி வருது. ஏலகிரியோட 14 வளைவும் நிக்காம ஏறிடுவார். 200 கிலோமீட்டர் பிரவே முடிச்சு மெடல் வாங்கியிருக்கார். நிஜமாவே ஃபிட்டான ஆள். தொப்பை போயிருக்கு, சுகர் கட்டுக்குள்ள வந்திருக்கு. ஒரு மருத்துவரா எனக்கு இவரைப் பார்த்தா சந்தோஷம்தான். கிண்டல் பண்றதுக்காக இந்த இழையை எழுதல.

5/
ஆனா பிரவே ரேஸ் இல்ல. 200 கிலோமீட்டரை பதிமூன்றரை மணி நேரத்துல முடிச்சா போதும். கணக்குப் போட்டா மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் கீழதான். நடுவுல இட்லி சாப்பிடலாம், பஞ்சர் ஒட்டலாம், மரத்தடியில படுக்கலாம். அது பொறுமைக்கான சோதனை. நல்ல சோதனை. ஆனா பக்கத்துல தோள் உரச இருபது பேரு 40 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டும்போது என்ன பண்ணணும்ங்கறதை அது கத்துக்கொடுக்காது.

6/
இங்க கொஞ்சம் இயற்பியல் வேணும், பயப்படாதீங்க. சமதரையில நீங்க செலவழிக்கிற சக்தியில பெரும்பகுதி காத்தைத் தள்றதுக்கே போகுது. காத்தோட எதிர்ப்பு வேகத்தோட இருமடியா ஏறும். அதுக்குத் தேவைப்படுற சக்தி மும்மடியா ஏறும். 32-ல இருந்து 40-க்குப் போறது கால்வாசி கூடுதல் வேகம்தான். ஆனா காத்துக்குக் கொடுக்க வேண்டிய சக்தி கிட்டத்தட்ட இரட்டிப்பு. "இன்னும் கொஞ்சம் பயிற்சி பண்ணா 40 வந்துடும்"னு நினைக்கிறவங்க இந்த ஒரு வரியைத் திரும்பப் படிங்க.

7/
அப்போ ரேஸுல எல்லாரும் எப்படி 40-ல போறாங்க? முன்னாடி போற ஆளோட முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு. இதைத்தான் டிராஃப்டிங்னு சொல்றோம். நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் பல்கலைக்கழகத்துல பெர்ட் பிளாக்கன் குழு 2018-ல 121 பேர் கொண்ட ஒரு கூட்டத்தை ஆராய்ஞ்சாங்க. நெருக்கமா போற பெரிய கூட்டத்தோட நடு, பின் பகுதியில இருக்கிறவருக்குக் காத்து எதிர்ப்பு தனியா ஓட்டுறவருக்கு இருக்கிறதுல 5 முதல் 10 சதவீதம்தான்னு வந்துச்சு. நம்ம ஊர்ல முப்பது பேரு கோணல்மாணலா ஓட்டுற கூட்டத்துல அவ்வளவு கிடைக்காது. ஆனாலும் பெரிய லாபம் உண்டு.

8/
அதனால ரேஸுல கூட்டத்துக்குள்ள இருக்கிறதுதான் விளையாட்டே. கூட்டத்துக்குள்ள இருக்கத் தெரியாதவர் எவ்வளவு பலசாலியா இருந்தாலும் வெளியில காத்துல நின்னு செத்துப்போவார். அவரைவிடப் பலம் கம்மியா இருக்கிற இருபது வயசுப் பையன் உள்ளே சொகுசா உக்காந்து கடைசி 200 மீட்டர்ல தாண்டிப் போவான். இதுல நியாயம் இல்லன்னு நிறைய பேரு புலம்புறாங்க. அதுதாங்க விளையாட்டு.

9/
இப்ப ஆபத்துக் கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர்னா வினாடிக்கு 11 மீட்டர். முன்னாடி போற சக்கரத்துக்கும் உங்க சக்கரத்துக்கும் நடுவுல அரை மீட்டர் இடைவெளி. மனுஷனோட கண்ணு பார்த்து, மூளை புரிஞ்சு, விரல் பிரேக்கை அழுத்த கால் வினாடி ஆகும்னு தாராளமா வெச்சுக்குவோம். அதுக்குள்ள நீங்க 2.8 மீட்டர் போயிருப்பீங்க. அதாவது முன்னாடி இருக்கிறவர் சடார்னு பிரேக் போட்டா, உங்க அனிச்சை எவ்வளவு வேகமா இருந்தாலும் சில சமயம் பத்தாது.

10/
அதனால அனுபவசாலிங்க முன் சக்கரத்தைப் பாக்கறதில்ல. முன்னாடி இருக்கிறவரோட இடுப்பைத் தாண்டி, அவருக்கு முன்னாடி ரெண்டு மூணு பேரைப் பாக்கறாங்க. அங்க ஒரு தோள் அசைஞ்சாலே இங்க மிதிக்கிறதை லேசா நிறுத்துவாங்க. பிரேக்கைத் தொடுறதே குறைவு. இது உடல் பலம் இல்ல, படிப்பு. பேருந்து ஓட்டுநர் முன்னாடி போற ஆட்டோவோட மூடை வாசிக்கிற மாதிரி. அண்ணா சாலையில ரெண்டு சக்கர வண்டி ஓட்டுற எவருக்கும் இதோட அடிப்படை கொஞ்சம் தெரியும். ஆனா சாலையில நீங்க தப்பிக்கப் பார்ப்பீங்க, கூட்டத்துல நீங்க நேர்கோட்டுல நிக்கணும். நேரெதிர் பழக்கம்.

11/
தனியா ஓட்டிப் பழகினவருக்குத் தெரியாத சின்னச் சின்ன விஷயங்கள் எவ்வளவு இருக்கு பாருங்க. உக்காந்து மிதிச்சுக்கிட்டு இருந்தவர் எழுந்து நின்னு மிதிக்கும்போது சைக்கிள் ஒரு கணம் பின்னாடி வரும். தனியா இருக்கும்போது அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பின்னாடி ஒருத்தர் ஒட்டி வந்தா அவரோட முன் சக்கரம் உங்க பின் சக்கரத்துல படும். சக்கரம் பட்டா விழறது பெரும்பாலும் பின்னாடி வர்றவர்தான். நீங்க திரும்பிப் பாத்து "என்னாச்சு?"ன்னு கேட்டுட்டுப் போய்டுவீங்க.

12/
தோளுக்குப் பின்னாடி திரும்பிப் பாருங்க. பாக்கற பக்கமே கைப்பிடி இழுக்குதா? தண்ணி பாட்டில் எடுக்கும்போது ஒரு அடி விலகுறீங்களா? வளைவுக்கு உள்ள போன பிறகு பிரேக் பிடிக்கிறீங்களா, வளைவுக்கு முன்னாடியே முடிச்சிடறீங்களா? உள்பக்கப் பெடல் மேல இருக்கா? குழியைப் பார்த்ததும் கையைக் காட்டிட்டுப் போறீங்களா, சடார்னு வெட்டி ஒடிக்கிறீங்களா? நூறு சைக்கிள் கிளப் ஆளுங்களைக் கேட்டா நூறு பேரும் "எனக்கு இதெல்லாம் வரும்"னுதான் சொல்வாங்க. உங்களுக்குப் பின்னாடி ஓட்டுறவரைக் கேளுங்க. அவர்தான் சாட்சி.

13/
இன்னொரு கூட்டம், ஹாண்டில்பார் மேல நீட்டிக்கிட்டு இருக்கிற ஏரோபார்ல முழங்கை வெச்சுக்கிட்டு ஈசிஆர்ல குரூப் ரைடு வர்றவங்க. அந்த நிலையில கை பிரேக்குல இல்ல. கூட்டமா கிளம்புற சாலைப் பந்தயங்கள்ல அதை சர்வதேச விதியே அனுமதிக்கிறதில்ல. ஞாயித்துக்கிழமை ரைடுக்கு விதி இல்லைங்கறதுக்காக எலும்பும் விதிவிலக்கு கொடுக்காது.

14/
எலும்புன்னு சொன்னதும் என் துறைக்கு வர்றேன். சைக்கிள் பந்தயத்துல விழறவங்களுக்கு அதிகம் உடையுற எலும்பு காறை எலும்பு. கழுத்துக்குக் கீழ, தோளுக்கும் மார்புக்கும் நடுவுல கம்பி மாதிரி தெரியுதே, அதேதான். தோள்மேல விழுந்தா விசை நேரா அதுக்குள்ள போய் பெரும்பாலும் நடுப்பகுதியில ஒடியும். நிறைய பேருக்கு ஸ்லிங் போட்டுக் காத்திருந்தாலே கூடிடும், சிலருக்குப் பிளேட் வைக்க வேண்டி வரும். கையை ஊன்றி விழுந்தா மணிக்கட்டு. அங்க ஸ்கேஃபாய்டுன்னு முந்திரிக்கொட்டை மாதிரி ஒரு குட்டி எலும்பு. முதல் நாள் எக்ஸ்ரேயில அதோட முறிவு தெரியாமப் போகலாம். "வெறும் சுளுக்கு"ன்னு எண்ணெய் தேய்ச்சு ரெண்டு மாசம் கழிச்சு வந்தா கூடவே கூடாது. கட்டைவிரலுக்குக் கீழ உள்ள குழியில அழுத்தினா வலிக்குதா? முதல் எக்ஸ்ரே நார்மல்னாலும் திரும்ப வாங்க.

15/
தலை. 2003 மார்ச்சுல பாரிஸ்-நீஸ் பந்தயத்துல கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரே கிவிலெவ் விழுந்து தலைக்காயத்தால இறந்தார். ஹெல்மெட் போடல. போடணும்னு அப்போ கட்டாயமும் இல்ல. அந்த மே மாசம்தான் சர்வதேச சைக்கிள் சங்கம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குச்சு. அதுக்கு முன்னாடி கட்டாயமாக்கப் பார்த்தப்போ தொழில்முறை வீரர்களே எதிர்த்திருந்தாங்க. உலகத்துலயே நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கே அந்த அறிவு ஒரு உயிர் போன பிறகுதான் வந்துச்சு.

16/
ஆனா ஹெல்மெட் போட்டா மூளை அசையாதுன்னு நினைக்காதீங்க. மண்டை ஓடு உடையறதையும் கடுமையான காயத்தையும் அது குறைக்கும். மண்டைக்குள்ள மூளை குலுங்குறதை, அதாவது கன்கஷனை, முழுசா தடுக்காது. 2020 டூர் டி ஃபிரான்ஸ்ல ரோமைன் பார்டே விழுந்தார். எழுந்தார், தள்ளாடினார், திரும்பவும் சைக்கிள் ஏறி மலை உச்சி வரை ஓட்டி முடிச்சார். அப்புறம் ஸ்கேன் எடுத்தா கன்கஷனோட சின்ன ரத்தக்கசிவும் இருந்துச்சு. சுத்தி டாக்டர், கார், கேமரா எல்லாம் இருந்த இடத்துலயே அவர் திரும்ப ஏறிட்டார். நம்ம ரேஸுல விழுந்தா பக்கத்துல யார் இருப்பா? தண்ணி தெளிச்சு "ஒண்ணும் இல்ல ப்ரோ, ஏறு"ன்னு சொல்ற நண்பர்.

17/
அந்த நண்பருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். தலை தரையில பட்டிருந்தா, குழப்பமா பேசினா, கேட்டதையே திரும்பக் கேட்டா, வாந்தி எடுத்தா, நடை தள்ளாடினா, நினைவு ஒரு நொடி தப்பியிருந்தாலும், அன்னைக்கு ரேஸ் முடிஞ்சுது. சைக்கிளை நீங்க வாங்கிக்கங்க. நேரா ஆஸ்பத்திரி. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

18/
இப்ப இதயம். இதுல ரெண்டு பக்கமும் பொய் சொல்றாங்க. ஒரு பக்கம், "இந்த வயசுல ரேஸ் எல்லாம் எதுக்கு, ஹார்ட் அட்டாக் வந்துடும்"னு பயமுறுத்துற சொந்தக்காரங்க. இன்னொரு பக்கம், "நான் 200 கிலோமீட்டர் ஓட்டுறவன், எனக்கு எப்படி வரும்?"னு கேக்கற இவர். ரெண்டுமே தப்பு. தொடர்ந்து உடற்பயிற்சி செய்றவருக்கு மொத்த ஆபத்து குறையும், உண்மை. ஆனா உச்சக்கட்டமா முக்குற அந்த நேரத்துல, ஏற்கெனவே ரத்தக்குழாய்ல கொழுப்புப் படிவு இருக்கிறவருக்கு ஆபத்து தற்காலிகமா ஏறும். அதுவும் உண்மை. 35 வயசுக்கு மேல விளையாடும்போது ஏற்படுற திடீர் மரணங்களுக்கு முக்கியக் காரணம் இந்த ரத்தக்குழாய் அடைப்புதான். அதுக்குக் கீழ உள்ள வயசுல பரம்பரையா வர்ற இதயத்தசை, மின்னோட்டக் கோளாறுகள் முக்கியம்.

19/
நம்ம ஆளுங்களுக்கு ஒரு கூடுதல் கவலை. இன்டர்ஹார்ட் ஆய்வோட தெற்காசியப் பகுதி 2007-ல வந்தது. முதல் மாரடைப்பு வர்ற சராசரி வயசு தெற்காசியர்களுக்கு 53, மத்த நாட்டவங்களுக்கு 58.8. மேல்நாட்டுப் பயிற்சிப் புத்தகத்துல "45-க்கு மேல யோசிங்க"ன்னு எழுதியிருந்தா நாம அதுக்குச் சில வருஷம் முன்னாடியே யோசிக்கணும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ ஐம்பதுக்குள்ள மாரடைப்பு, சுகர், பிபி, சிகரெட், கொலஸ்ட்ரால். இதுல ரெண்டு இருந்தா ரேஸ் உங்களுக்கு முதல் வேலை இல்ல, இதய மருத்துவர்தான் முதல் வேலை.

20/
அப்போ எல்லாரும் டிரெட்மில் டெஸ்ட் எடுக்கணுமா? வேண்டாம். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் 2015-ல தன் ஆலோசனையை மாத்தும்போது சொன்ன அடிப்படை சரியானது: ஏற்கெனவே தொடர்ந்து பயிற்சி செய்றவர், அறிகுறி எதுவும் இல்லை, நோய் எதுவும் தெரியல என்றால் எல்லாரையும் டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டிய அவசியம் இல்ல. டிரெட்மில் டெஸ்ட் நார்மல்னு வந்தா பெரிய அடைப்பு இருக்க வாய்ப்பு குறைவுன்னுதான் அர்த்தம். சின்னப் படிவு ஒண்ணு நாளைக்கு வெடிக்காதுன்னு அர்த்தம் இல்ல. "டிஎம்டி நெகட்டிவ், நான் ராஜா"ன்னு குரூப்ல ஸ்டேட்டஸ் போடறவங்களுக்காக இதை எழுதறேன்.

21/
டெஸ்டைவிட முக்கியம் நீங்க மறைக்காம பதில் சொல்றது. ஏத்தத்துல முக்கும்போது நெஞ்சு கனக்குதா, தாடையிலயோ இடது கையிலயோ இழுக்குதா? ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே மயக்கம் வந்திருக்கா? (நிறுத்தினதுக்கு அப்புறம் தலை சுத்துறது வேற, மிதிச்சுக்கிட்டு இருக்கும்போதே கண்ணு இருட்டறது வேற. ரெண்டாவது அபாயமணி.) போன மாசம் சுலபமா ஏறின ஏத்தம் இந்த மாசம் மூச்சு வாங்குதா? குடும்பத்துல யாராவது இளவயசுல காரணம் தெரியாம தூக்கத்துலயோ ஓடும்போதோ இறந்திருக்காங்களா? காய்ச்சல் வந்து ரெண்டு வாரம் கூட ஆகலையா? வைரல் காய்ச்சலோட இதயத்தசையும் வீங்கியிருக்கலாம், அந்த நேரத்துல உச்சக்கட்டமா முக்குறது விளையாட்டு இல்ல. கட்டின என்ட்ரி ஃபீஸ் போனா போகட்டும்.

22/
வாட்ச்சுல வர்ற "உச்ச இதயத்துடிப்பு" எண்ணைப் பாத்துப் பதறி வர்றவங்க தனி. 220-ல இருந்து வயசைக் கழிக்கிற கணக்கு ஒரு குத்துமதிப்பு. பத்து, பன்னிரண்டு துடிப்பு மேலயும் கீழயும் போறது சாதாரணம். 42 வயசுக்காரருக்கு 178-னு வாட்ச் சொல்லும். ரேஸுல 186 போச்சுன்னா உடனே செத்துடமாட்டார். அறிகுறி இல்லாம எண் மட்டும் கூடுதலா இருந்தா அந்த வாட்ச்சோட கணக்குதான் அவருக்குப் பொருந்தல.

23/
சரி, இவ்வளவு பயமுறுத்திட்டு "வேண்டாம்"னு சொல்லப் போறேன்னு நினைச்சீங்களா? இல்லை. போங்க. ரேஸ் ஓட்டுங்க. நாற்பது வயசுல ஒரு மனுஷன் தன் உடம்பை மத்தவங்களோட ஒப்பிட்டுப் பாக்க ஆசைப்படறது அசிங்கமான ஆசை இல்ல. எனக்கும் அந்த ஆசை உண்டு. நானும் கடைசி வரிசையில நாக்குத் தள்ள ஓட்டுறவன்தான். ஆனா போறதுக்கு முன்னாடி மூணு மாசம் கொடுங்க.

24/
அந்த மூணு மாசத்துல தூரத்தைக் கூட்டாதீங்க. உங்களுக்குத் தூரம் ஏற்கெனவே இருக்கு. வாரத்துல ரெண்டு நாள் நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஆறேழு பேரோட சக்கரத்துக்குச் சக்கரம் ஓட்டுங்க. முதல்ல ஒரு மீட்டர் இடைவெளி, அப்புறம் அரை மீட்டர். ஒரு காலி மைதானத்துல, புல் தரையில, நடை வேகத்துல நண்பரோட தோளோட தோள் இடிச்சுக்கிட்டு ஓட்டிப் பழகுங்க. இடி வாங்கினா உடம்பு விறைச்சுக்கக் கூடாது, முழங்கை மடங்கி வாங்கிக்கணும். சிரிப்பா இருக்கும், விழுந்தாலும் வலிக்காது. (மைதானத்துல சீமைக்கருவேல முள் இருக்கான்னு பாத்துக்கங்க, இல்லன்னா அன்னைக்கு முழுக்க பஞ்சர் ஒட்டற பயிற்சிதான்.)

25/
பயிற்சியோட தன்மையும் மாறணும். நீங்க பழகினது ஒரே சீரா ரெண்டு மணி நேரம். ரேஸ், முக்கியமா சின்னச் சுற்றுல திரும்பத் திரும்ப ஓட்டுற கிரிட்டீரியம், அப்படி இருக்காது. வளைவுல மெதுவாகி, வெளிய வந்ததும் பத்து வினாடி உயிரைக் கொடுத்து மிதிச்சு, மறுபடி மூச்சு வாங்கறதுக்குள்ள அடுத்த வளைவு. இதை நாற்பது தடவை. சராசரி சக்தி உங்களால முடிஞ்சதுதான், ஆனா நாற்பது முக்கு முக்க முடியாது. நிறைய ஃபிட்டான ஆளுங்க மூணாவது சுற்றுலயே பின்னாடி விழறது இதனாலதான். அதுக்குக் குட்டிக் குட்டியா, வேகமா, நடுவுல ஓய்வு கொடுத்து ஓட்டுற இன்டர்வெல் பயிற்சி வேணும். வாரத்துக்கு ரெண்டு போதும், நாலு பண்ணா முழங்காலைத் தூக்கிட்டு என்கிட்டதான் வருவீங்க.

26/
"புதுசு, அதனால பின்னாடியே பத்திரமா ஓட்டிக்கறேன்"னு ஒரு நினைப்பு. கூட்டத்தோட வால் பத்திரமான இடம் இல்ல. முன்னாடி லேசா வேகம் குறைஞ்சா அது பின்னாடி வர வர அலை மாதிரி பெருசாகி, கடைசி ஆள் பிரேக்கை இறுக்கிப் பிடிக்க வேண்டி வரும். அப்புறம் அவர்தான் எல்லாரையும் விட அதிகமா முக்கணும். முன்னாடி யாராவது விழுந்தா அந்தக் குவியல் மேல போய் ஏறறவரும் அவர்தான். மொத்தக் கூட்டத்தையும் மூணா பிரிச்சா முதல் பங்கோட கடைசி நல்ல இடம். அங்க நிக்க முடியலன்னா, கூட்டத்தை விட்டு விலகி உங்க வேகத்துல முடிங்க. பின்தங்கறதுல வெட்கம் இல்ல. பின்தங்கக் கூடாதுன்னு கண்ணு இருட்டற நிலையில அடுத்தவர் சக்கரத்துல தொங்கறதுதான் ஆபத்து. களைச்ச கை நேர்கோடு பிடிக்காது.

27/
"போய் ஓட்டினாத்தான் கத்துக்க முடியும், எல்லாரும் அப்படித்தான் கத்துக்கிட்டோம்"னு சொல்ற சீனியர்களுக்கும் ஒரு வார்த்தை. பாதி சரி. அமெரிக்காவுல தொடக்கநிலைப் பிரிவுல இருந்து அடுத்ததுக்குப் போக, பல வருஷமா இருந்த விதி, ஜெயிச்சிருக்கணும்னு கேக்கல. கூட்டமா கிளம்பற பந்தயம் 10 ஓட்டியிருக்கணும்னு கேட்டுச்சு. ஏன்னா அங்க எண்ணினது திறமையை, காலோட பலத்தை இல்ல. ஆனா அங்க தொடக்கநிலைன்னு ஒரு தனிப் பிரிவு இருந்துச்சு. புதுசா வந்தவர் புதுசா வந்தவரோட ஓட்டினார். இங்க நான் பார்த்த சில நிகழ்ச்சிகள்ல பதினாறு வயசு மாவட்ட வீரரும், இருபது வருஷமா ஓட்டுற ஆளும், போன மாசம் கிளிப் ஷூ வாங்கினவரும் ஒரே விசிலுக்குக் கிளம்புறாங்க. "ஓட்டிக் கத்துக்க"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, கத்துக்கறதுக்கு ஒரு வகுப்பு வெச்சுக் கொடுங்க.

28/
நடத்துறவங்ககிட்ட காசு கட்டறதுக்கு முன்னாடி நீங்க கேளுங்க. கூச்சப்படாதீங்க, உங்க எலும்பு. சாலையை மூடறாங்களா, இல்ல எதிர்ல லாரியும் ஆடும் வருமா? தொடக்கக்காரங்களுக்குத் தனி ஓட்டம் இருக்கா? ஆம்புலன்ஸ் பாதையிலயே நிக்குமா, "கால் பண்ணா வரும்"ங்கற ஆம்புலன்ஸா? அதுல டிஃபிப்ரிலேட்டர் இருக்கா? இதயம் நின்னு போனவருக்கு யாரும் எதுவும் பண்ணாம விட்டா ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். பதினஞ்சு நிமிஷம் கழிச்சு வர்ற வண்டி சவ வண்டி. டி-சர்ட் துணியோட தரம், மெடலோட எடை, பிரியாணி எல்லாம் போஸ்டர்ல பெரிய எழுத்துல இருக்கும். இந்த நாலு கேள்விக்கு ஒரு வரி கூட இருக்காது. அவங்க பொறுப்பு எல்லாத்தையும் என்னோட சீலுக்கும் உங்களோட "என் சொந்தப் பொறுப்பில்" கையெழுத்துக்கும் மாத்திக் கொடுத்திட்டு மைக்கைப் பிடிச்சிடறாங்க.

29/
இதனாலதான் இப்ப அந்தக் காகிதத்துல "முழு உடல்தகுதி உடையவர்"ங்கற வரியை அடிச்சிட்டு, "இன்று பரிசோதித்ததில் கடும் உடற்பயிற்சிக்குத் தடையான அறிகுறி ஏதும் காணப்படவில்லை. இது சைக்கிள் ஓட்டும் திறனுக்கான சான்று அல்ல"ன்னு கையால எழுதித்தான் கொடுக்கறேன். ஒரு ஏற்பாட்டாளர் அதை ஏத்துக்கமாட்டேன்னு திருப்பி அனுப்பினார். நான் மாத்தி எழுதல. வந்தவர் வேற எங்கயோ ரெண்டு நிமிஷத்துல வாங்கிட்டார். அந்த ரெண்டு நிமிஷ சீல் குத்தற என் சக மருத்துவர்களே, இதைப் படிச்சா கோபப்படுங்க, பரவாயில்லை. அந்த வரியோட அர்த்தத்தைக் கோர்ட்ல ஒருநாள் யாராவது உங்ககிட்ட கேப்பாங்க.

30/
கமென்ட்ல வரப்போற ஒரு கேள்விக்கு இங்கயே பதில். ஸ்டென்ட் வெச்சு க்ளோபிடோக்ரெல் மாதிரி மாத்திரை எடுக்கறவங்க, வால்வு மாத்தியோ துடிப்புக் கோளாறுக்கோ ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க: சைக்கிள் ஓட்டலாம், உங்க இதய மருத்துவர் சொன்ன அளவுல. கூட்டமா ஓட்டற ரேஸ் வேண்டாம். மத்தவங்களுக்குச் சின்ன வீக்கமா போற தலை அடி உங்களுக்கு மூளைக்குள்ள ரத்தமா நிக்கலாம். போட்டி ஆசை தீரலன்னா, மருத்துவர் சம்மதத்தோட டைம் டிரையல் பாருங்க. தனித்தனியா, இடைவெளி விட்டுக் கிளப்புவாங்க. யாரோட சக்கரமும் பக்கத்துல இருக்காது, கடிகாரம் மட்டும்தான் எதிரி. அதுக்கும் ஹெல்மெட் வேணும், அதுக்கும் மூடின சாலை வேணும், மாத்திரைப் பேரு எழுதின சீட்டு ஒண்ணு ஜெர்சி பாக்கெட்ல இருக்கணும்.